அடுத்த வாரமும் வருவீர்களா?

"நீங்க அங்க போயிருக்கீங்களாம்மா?"

நேரலையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்த இடைவெளியில், தொலைபேசியில் ஒரு மூத்த நேயர் என்னைக் கேட்ட கேள்வி இது. 2024 செப்டம்பர் முதல் வாரம். வீவக வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் இருந்துவந்த தடை அந்த மாதம் 1ஆம் தேதிதான் நீங்கியிருந்தது. ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம், உரிமம் எடுக்க வேண்டும், மைக்ரோசிப் பொருத்த வேண்டும், பூனை விழுந்துவிடாமல் ஜன்னலுக்கு வலை போட வேண்டும் என்று புதிய விதிகளை எல்லாம் விளக்கினேன். பிறகு வழக்கமான வானொலி உற்சாகத்துடன், "கடையில் வாங்காதீர்கள், காப்பகத்திலிருந்து தத்தெடுங்கள். நேரமிருந்தால் தொண்டூழியமும் செய்யுங்கள்" என்று முடித்திருந்தேன்.

அந்த அம்மாவுக்கு ஒரு பேத்தி. பிராணிகள் என்றால் உயிராம். "காப்பகம் எங்க இருக்கு? எப்படிப் போகணும்? போனா என்ன வேலை குடுப்பாங்க? பிள்ளைகளை உள்ள விடுவாங்களா?" என்று அடுக்கினார். முகவரியை மட்டும் திரையைப் பார்த்துப் படித்தேன். மற்றதற்கெல்லாம் என்னிடம் பதில் இல்லை. அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"இல்லைம்மா, போனதில்லை" என்றேன்.

"பரவாயில்ல. போயிட்டு வந்து சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது உறுத்தியது. அடுத்த சனிக்கிழமை காலை, சுவா சூ காங் போகும் ரயிலில் ஏறினேன்.

நகரத்தின் ஓரத்தில்

சுவா சூ காங் நிலையத்தில் இறங்கி டாக்சி பிடித்தால், சிறிது நேரத்தில் சுங்கை தெங்கா சாலை வந்துவிடும். வாரநாளில் போனால் பக்கத்து ஆகாயப்படைத் தளத்தின் போர் விமானங்கள் தலைக்கு மேல் உறுமும். ஒரு பக்கம் நாற்றுப் பண்ணைகள், மீன் பண்ணைகள். கொஞ்சம் தள்ளி வெளிநாட்டு ஊழியர்களுக்கான சுங்கை தெங்கா தங்குவிடுதி. 25,000 பேர் வரை தங்கக்கூடிய அந்த விடுதியின் மாடிகளில் வரிசை வரிசையாகச் சட்டைகள் காய்ந்துகொண்டிருக்கும்.

இன்னொரு பக்கம் தெங்கா புதுநகர். ஏறத்தாழ 700 ஹெக்டர் நிலத்தில் 42,000 வீடுகள் வரவிருக்கும் வட்டாரம். 2023ல் முதல் குடும்பங்கள் குடியேறின. அதற்கு முன் நெடுங்காலம் ராணுவப் பயிற்சி நடந்த காடு இது. காடும் கட்டுமானத் தளமும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் தெருநாய்கள் இருக்கும் என்பதை நாம் சொல்லியா தெரிய வேண்டும்?

சிங்கப்பூரின் விலங்குநல அமைப்புகளில் பல, இந்தச் சாலையைச் சுற்றித்தான் இருக்கின்றன. எஸ்பிசிஏ எனப்படும் விலங்குவதைத் தடுப்புச் சங்கம், மவுண்ட் வெர்னனில் இருந்த பழைய இடத்தை விட்டு 2016ல் சுங்கை தெங்கா சாலைக்கு வந்தது. அதே சாலையில் 'தி அனிமல் லாட்ஜ்' என்ற பெரிய வளாகம் இருக்கிறது. பாசிர் ரிஸ், சிலேத்தார் பண்ணை நிலங்களில் தகரக் கொட்டகைகளில் இயங்கிவந்த பல சிறிய காப்பகங்கள், அந்த நிலங்களின் குத்தகை முடிந்ததும் இங்கே மாறிவந்தன.

கூப்பிடு தூரத்தில் ஜாலான் லேக்காரில் வனவிலங்குகளை மீட்கும் ஏக்கர்ஸ் அமைப்பு உள்ளது. 2001ல் லூயிஸ் இங் தொடங்கியது. பாம்பு, உடும்பு, அடிபட்ட பறவை என்று எது பற்றி அழைப்பு வந்தாலும் ஓடுபவர்கள் இவர்கள். அதன் இணைத் தலைமை நிர்வாகிகளாகப் பொறுப்பு வகித்த அன்பரசி பூபால், கலைவாணன் பாலகிருஷ்ணன் இருவருமே தமிழர்கள். "இந்த வேலையில் எல்லாம் நம்ம ஆளுங்க யாரு இருக்கா?" என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் போனது இந்த வட்டாரத்தில் உள்ள ஒரு சிறிய நாய்க் காப்பகத்துக்கு. சம்பளத்துக்கு இருப்பவர்கள் மிகச் சிலர். மற்ற எல்லாரும் தொண்டூழியர்கள். அமைப்பின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். பெயர் வெளியே தெரிந்தால், இரவோடு இரவாக வாசலில் நாய்க்குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்களாம். வளர்த்த பிராணியைக் கைவிடுவது சிங்கப்பூரில் குற்றம். முதல்முறை பிடிபட்டாலே 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். இருந்தாலும் பெட்டிகள் வரத்தான் செய்கின்றன.

முதல் கேள்வி

தொண்டூழியர்களைக் கவனித்துக்கொள்பவர் அறுபதைக் கடந்த ஒரு சீன மாது. எல்லாருக்கும் அவர் ஆன்ட்டி. நாய் பிடிக்குமா, முன்பு வளர்த்த அனுபவம் உண்டா என்றெல்லாம் கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். "அடுத்த வாரமும் வருவீர்களா?"

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. இன்னும் உள்ளேயே நுழையவில்லை, அதற்குள் அடுத்த வாரமா?

"ஒருமுறை வந்து, நாயைக் கட்டிப்பிடித்துப் படமெடுத்துக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர்" என்றார் ஆன்ட்டி. "அவர்களுக்கு அது ஒரு நல்ல சனிக்கிழமை. நாய்க்கு, வந்து காணாமல்போன இன்னொரு மனிதர்."

முதல் நாள் மூன்று மணி நேரம் வேலை. அதில் நாயைத் தொட்டது பத்து நிமிடம் இருக்கலாம். மற்ற நேரமெல்லாம் கழுவல்தான். கூண்டில் இருக்கும் கழிவை அள்ளுவது, பழைய நாளிதழ்களைச் சுருட்டி எடுப்பது, தரையைத் தேய்ப்பது, கிருமிநாசினி ஊற்றிக் கழுவுவது, காய்ந்தபின் துண்டு விரிப்பது, கிண்ணங்களைத் தேய்த்து அடுக்குவது. அந்த வாடை வீட்டுக்கு வந்து குளித்தபிறகும் மூக்கை விட்டுப் போகவில்லை.

இடையிடையே விதிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.

உள்ளே வரும்போது காலணியைக் கிருமிநாசினித் தட்டில் நனைக்க வேண்டும். குட்டிகள் இருக்கும் பகுதிக்குப் புதியவர்கள் போகக்கூடாது. பார்வோ என்ற கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும். தடுப்பூசி முழுதாகப் போடாத குட்டிகளை ஒரு வாரத்தில் கொன்றுவிடும். ஒருவரின் செருப்பில் அது வந்தால் போதும்.

எந்த இடத்துக்கும் இரண்டு கதவுகள். ஒன்றைச் சாத்தித் தாழ்போட்ட பிறகே மற்றதைத் திறக்க வேண்டும். பயந்த நாயை வெளியே கூட்டிப்போகும்போது இரண்டு வார்கள்: ஒன்று கழுத்துப் பட்டையில், இன்னொன்று உடல் பட்டையில். ஒன்று நழுவினாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். தப்பியோடிய நாய் நேரே போய்ச் சேருவது நெடுஞ்சாலை.

புது நாயின் கண்ணை நேராகப் பார்க்காதீர்கள். குனிந்து தலைமீது கையை வைக்காதீர்கள். பக்கவாட்டில் உட்காருங்கள், அது வந்து மோப்பம் பிடிக்கட்டும். நாய் கொட்டாவி விடுகிறது, உதட்டை நக்குகிறது என்றால் தூக்கமோ பசியோ என்று நினைக்காதீர்கள். பல நேரம் அது 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்பதன் அடையாளம்.

இதை அன்றைக்கே எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நாயைக் கண்டால் ஓடவோ கத்தவோ மட்டுமே தெரிந்த பிள்ளைகள். நானும் அப்படி வளர்ந்தவள்தான்.

கோப்பி

அந்தக் காப்பகத்தின் கடைசி வரிசையில் கோப்பி இருந்தான். கோப்பி நிறம், அதனால் அந்தப் பெயர். நம் ஊர்க் கலப்பின நாய்களை இங்கே செல்லமாக 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்பார்கள். கோப்பி அதில் ஒருவன். தெங்காவில் ஒரு கட்டுமானத் தளத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, வேலை முடிந்து தளம் மூடப்பட்டபோது பிடித்துக் கொண்டுவரப்பட்டவன்.

2018 நவம்பரிலிருந்து அரசாங்கமும் விலங்குநல அமைப்புகளும் சேர்ந்து தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தத்துக்கொடுக்கவோ பொருத்தமான இடத்தில் திரும்ப விடவோ செய்கின்றன. ஐந்து ஆண்டுகளில் 70 விழுக்காட்டுக்கும் அதிகமான நாய்களுக்குக் கருத்தடை என்பது அந்தத் திட்டத்தின் இலக்கு. கோப்பி திரும்பிப் போகவேண்டிய இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன.

"தத்துக்கொடுக்கலாமே?" என்றேன்.

"உயரம் 59 சென்டிமீட்டர்" என்றார் ஆன்ட்டி.

எனக்குப் புரியவில்லை. பிறகு விளக்கினார். வீவக வீட்டில் அனுமதிக்கப்பட்ட சிறிய இன நாய்களில் ஒன்றை வளர்க்கலாம். கலப்பின நாய்களுக்கு வழிவிட 2012ல் 'அடோர்' திட்டம் வந்தது. முதலில் உயரக் கட்டுப்பாடும் எடைக் கட்டுப்பாடும் கடுமையாக இருந்தன. படிப்படியாகத் தளர்த்தி, 2020ல் எடை வரம்பை நீக்கி, தோள்பட்டை உயரத்தை 55 சென்டிமீட்டராக உயர்த்தினார்கள். கோப்பி நான்கு சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்துவிட்டான்.

சிங்கப்பூர்வாசிகளில் பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் வீவக வீடுகளில் இருக்கிறோம். கோப்பிக்குத் தனியார் வீட்டுக்காரர் யாராவது கிடைத்தால் உண்டு. அதிலும் மனிதரைக் கண்டால் மூலையில் ஒடுங்கும் வளர்ந்த நாயை யார் கேட்கப் போகிறார்கள்? முதல் இரண்டு வாரம் நான் அவன் கூண்டுக்குள் கழுவப் போனபோதெல்லாம், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றான்.

மூன்றாவது வாரம் கூண்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அம்மா தொலைபேசியில் அழைத்தார். "சாப்பிட்டியா?" என்றார். "இல்லம்மா, வந்து சாப்பிடுறேன். நீங்க சாப்பிடுங்க" என்று பேசிக்கொண்டே திரும்பினால், கோப்பியின் காதுகள் இரண்டும் என் பக்கம் நிமிர்ந்திருந்தன. முகமும் திரும்பியிருந்தது.

தொலைபேசியை வைத்துவிட்டு மெதுவாக, "வாடா. சாப்பிடு வா" என்றேன். அவன் வரவில்லை. ஆனால் வால் ஒரே ஒருமுறை தரையைத் தட்டியது.

ஆன்ட்டியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அந்தத் தளத்தில் கோப்பிக்குச் சோறு போட்டவர்கள் இந்தியத் தொழிலாளர்கள் என்று பிடிக்கப் போனவர்கள் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. இரண்டு ஆண்டுகளாக ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் 'கம்', 'சிட்' என்று அவனிடம் பேசிப் பார்த்திருக்கிறார்கள். அவன் குட்டியாக இருந்தபோது கேட்ட மொழியில் யாரும் பேசவில்லை. அந்தக் காப்பகத்தில் தமிழ் பேசும் தொண்டூழியர் அதுவரை யாரும் இருந்ததில்லை.

அன்றிலிருந்து கோப்பி என் பொறுப்பு. அவனிடம் நான் செய்த வேலை, கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த வார நிகழ்ச்சிக் குறிப்புகளைச் சத்தமாக வாசிப்பதுதான். ஐந்தாவது வாரம், கைக்கு எட்டும் தூரத்தில் வந்து படுத்தான்.

மூன்று சனிக்கிழமைகள்

அதன்பிறகு தீபாவளி வந்தது. வானொலியில் இருப்பவர்களுக்குத் தெரியும். அக்டோபர் மாதத்தில் எங்களுக்குச் சனி, ஞாயிறு என்பதே கிடையாது. சிறப்பு நிகழ்ச்சிகள், வெளிநிகழ்ச்சிகள், ஒலிப்பதிவுகள். தொடர்ந்து மூன்று சனிக்கிழமை நான் போகவில்லை. ஆன்ட்டிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பியதோடு சரி.

நான்காவது வாரம் இனிப்புப் பெட்டியோடு போனேன். கோப்பி மூலையில் ஒட்டிக்கொண்டு முதுகைக் காட்டினான். "வாடா" என்றேன். காது அசையவில்லை. தரையில் அவன் கிண்ணம் அப்படியே இருந்தது. "சாப்பாட்டைக் குறைத்துவிட்டான்" என்றார் ஆன்ட்டி. அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆன்ட்டி முதல்நாள் ஏன் அந்த ஒரே கேள்வியைக் கேட்டார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவன் வாழ்க்கையில் தமிழ் பேசியவர்கள் எல்லாருமே ஒருநாள் வராமல் போனவர்கள். நான் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டேன்.

மறுபடி பழைய இடத்துக்கு வர ஏழு வாரம் பிடித்தது. இப்போது வர முடியாத வாரங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என் குரலில் குறிப்புகள் வாசித்து ஒலிப்பதிவு அனுப்புகிறேன். அதைக் கூண்டருகே போட்டுவிடுகிறார்கள். ஒலிபரப்பாளருக்கு இப்படியும் ஒரு நேயர்.

உங்களால் என்ன முடியும்?

அந்த மூத்த நேயரின் கேள்விகளுக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும்.

பிள்ளைகளை விடுவார்களா? அமைப்புக்கு அமைப்பு வயது வரம்பு வேறுபடும். பெற்றோர் கூட வந்தால் சில இடங்களில் அனுமதி உண்டு. போவதற்கு முன் அந்தந்த அமைப்பின் அறிமுக வகுப்புக்குப் பதிவுசெய்ய வேண்டும். நேராகப் போய் நிற்கக்கூடாது. பிள்ளைகளைக் கூண்டுப் பக்கம் அனுப்பத் தயங்கினால், தத்தெடுப்பு நாள்கள், நிதித்திரட்டு நிகழ்ச்சிகள், கிண்ணம் கழுவும் வேலை என்று தொடங்கலாம்.

நாய் என்றால் பயமா? என் அம்மாவைவிடப் பயந்தவர் இருக்க முடியாது. மின்தூக்கியில் நாய் இருந்தால் அடுத்த மின்தூக்கிக்குக் காத்திருப்பார். அவர் இப்போது எங்கள் புளோக்கில் வீடு வீடாகப் போய்ப் பழைய துண்டுகளும் நாளிதழ்களும் சேகரிக்கிறார். காப்பகத்துக்கு இவை எத்தனை வந்தாலும் தீர்ந்துவிடும். கிழிந்த துண்டுகளை இரண்டாக மடித்துத் தைத்தும் கொடுக்கிறார். அவர் விரித்துப் படுக்கும் துணியைவிட நாய்களுக்குப் போகும் துணி சுத்தமாக இருக்கிறது என்று அப்பா கேலி செய்கிறார்.

வார நாள்களில் வேலை, வார இறுதியில் களைப்பு என்கிற இளையர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. கார் வைத்திருப்பவர்கள் மருத்துவமனைக்கு ஏற்றிப்போய் வரலாம். டாக்சியில் பெரிய நாயை ஏற்றுவது எளிதல்ல. படமெடுக்கத் தெரிந்தவர்கள் எடுத்துக்கொடுங்கள். கறுப்பு நாய், கறுப்புப் பூனை மங்கலான படத்தில் வெறும் நிழலாகத்தான் தெரியும். யாரும் நின்று பார்ப்பதில்லை. கணக்கு தெரிந்தவர்கள் கணக்குப் பாருங்கள். தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் அறிவிப்புகளைத் தமிழாக்குங்கள். தத்தெடுப்பு விதிகள் தமிழில் கிடைத்தால் நம் தாத்தா பாட்டிகளும் படித்து, வீட்டில் ஒரு முடிவெடுக்க முடியும்.

வீட்டில் இடமும் அனுமதியும் இருப்பவர்கள் தற்காலிகப் பராமரிப்புக்கு எடுத்துக்கொள்ளலாம். அறுவைசிகிச்சை முடிந்த பூனைக்கு இரண்டு வாரம், தாயில்லாத குட்டிகளுக்கு ஒன்றரை மாதம் என்று. குட்டி நாய்கள் பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை பார்ப்பதையும் கேட்பதையும்தான் பிறகு பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். அந்தக் காலத்தில் ஒரு வீட்டின் மிக்சி சத்தம், குழந்தைச் சிரிப்பு, சாம்பிராணி வாசம் எல்லாம் பழகிய குட்டி, கோப்பியைப் போலச் சுவரில் ஒட்டிக்கொள்ளாது.

காசு கொடுப்பதும் தொண்டுதான். ஆனால் ஒரே தடவையில் நூறு வெள்ளி கொடுப்பதைவிட மாதம் பத்து வெள்ளி கொடுப்பது அமைப்புக்குத் திட்டமிட உதவும். கொசு மூலம் பரவும் இதயப்புழு நோயைத் தடுக்க ஒவ்வொரு நாய்க்கும் மாதாமாதம் மருந்து கொடுத்தாக வேண்டும். அந்தச் செலவு எந்த மாதமும் நிற்காது. எஸ்பிசிஏ போன்ற பொதுநல அமைப்புத் தகுதி பெற்றவற்றுக்குத் தரும் நன்கொடைக்கு, 2026 டிசம்பர் 31 வரை 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. கொடுக்கும் முன் அந்தத் தகுதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சமூக ஊடகத்தில் கண்ணீர்ப் படம் போட்டுக் காசு கேட்பவர்கள் எல்லாரும் பதிவுபெற்ற அமைப்புகள் அல்ல.

எங்கும் போக முடியாதவர்களுக்குப் புளோக்கின் கீழேயே வேலை இருக்கிறது. இடது காதின் நுனி வெட்டப்பட்ட பூனையைப் பார்த்தால், யாரோ அடித்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம். கருத்தடை செய்யப்பட்டது என்பதற்கான அடையாளம் அது. காது முழுதாக இருக்கும் பூனை தென்பட்டால், அந்த வட்டாரத்தில் பூனைகளைக் கவனித்துக்கொள்பவரிடம் சொல்லுங்கள். 1999ல் தொடங்கிய பூனைகள் நலச் சங்கத்தின் தொண்டூழியர்கள் பல பேட்டைகளில் இருக்கிறார்கள். உணவு வைப்பவர்கள், பூனை தின்று முடித்ததும் மிச்சத்தைக் கூட்டி எடுத்துவிடுங்கள். பூனைமேல் வரும் புகார்களில் பல, உண்மையில் தரையில் கிடக்கும் சோற்றின்மேல் வரும் புகார்கள்தான். வீட்டுப் பூனைக்கு இன்னும் உரிமம் எடுக்காதவர்களுக்கு 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம் இருக்கிறது.

புத்தாண்டுக் காலை

ஜனவரியில் ஆன்ட்டி முகம் வாடியிருந்தார். சீனப் புத்தாண்டு வருகிறது. காப்பகத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். முதல் நாள் எல்லாருக்கும் பெற்றோர் வீடு, மாமியார் வீடு. நாய்களுக்கு விடுமுறை கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் ஆன்ட்டியும் இன்னும் இரண்டு பேரும் எல்லாக் கூண்டுகளையும் கழுவி முடிக்க மாலையாகிவிடும். பேரப்பிள்ளைகள் வீட்டில் காத்திருப்பார்கள்.

"அன்றைக்கு நாங்கள் வருகிறோம்" என்று சொல்லிவிட்டேன். அந்த 'நாங்கள்' யார் என்று எனக்கே அப்போது தெரியாது.

அந்த வார நிகழ்ச்சியில் கோப்பியைப் பற்றிப் பேசினேன். கட்டுமானத் தளத்தில் தமிழ் கேட்டு வளர்ந்த நாய் என்று சொன்னதும் ஓர் அழைப்பு வந்தது. மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர். சுங்கை தெங்கா தங்குவிடுதியில் இருக்கிறார்.

"எங்க சைட்டுலயும் ஒரு நாய் இருந்துச்சுக்கா. மணின்னு கூப்புடுவோம். மத்தியானம் சோத்துல ஒரு கை அதுக்குன்னு எடுத்து வச்சிருவோம். வேல முடிஞ்சு வேற சைட்டுக்கு மாத்துனாங்க. லாரில ஏறிட்டோம். ரோடு வரைக்கும் பின்னாலயே ஓடி வந்துச்சு." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அது எங்க போச்சோ தெரியலக்கா. நான் வந்து கழுவலாமா? புத்தாண்டுக்கு எங்களுக்கும் லீவுதான்."

ஜனவரி 29 காலை எட்டு மணிக்குக் காப்பக வாசலில் நாங்கள் ஏழு பேர். அந்தத் தம்பியும் அறை நண்பர்கள் இருவரும், எங்கள் புளோக்கில் இருக்கும் ஒரு மலாய் மாணவி, என் அலுவலக நண்பர் இருவர், நான். ஆன்ட்டி முன்பே ஒரு சனிக்கிழமை எல்லாருக்கும் விதிகளைச் சொல்லிக்கொடுத்திருந்தார். சிமெண்ட் தளத்தைக் கழுவித் தள்ளிப் பழகியவர்களுக்குக் கூண்டுத் தரை ஒரு பொருட்டே இல்லை. பதினொன்றரைக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது.

அதன்பிறகு தம்பியைக் கடைசி வரிசைக்கு அழைத்துப்போனேன். கோப்பி அவருடைய மணி இல்லை. அவர் வேலை பார்த்தது ஜூரோங்கில். மணி கறுப்பு, பெட்டை நாய். அவருக்கும் அது தெரியும். இருந்தாலும் கூண்டுக்கு வெளியே, நான் வழக்கமாக உட்காரும் இடத்தில், பக்கவாட்டாகத் திரும்பிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "என்னடா, சாப்ட்டியா?" என்றார். ஊரில் வயலுக்குப் போகும் வழியில் நாயிடம் பேசுவது போலவே இருந்தது அந்தப் பேச்சு. மழையைப் பற்றிச் சொன்னார். ஊரில் பொங்கல் முடிந்ததைச் சொன்னார். கோப்பி எழுந்தான். இரண்டு அடி வந்தான், நின்றான். பிறகு கம்பிக்கு இடையில் மூக்கை நீட்டி அவர் முழங்கையை மோந்து பார்த்தான். எனக்கு ஐந்து மாதம் பிடித்த காரியம் அது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

தம்பி இப்போது மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறார். முடியாத வாரம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். தன் ஒப்பந்தம் முடியும் முன் வேறு ஒருவரைப் பழக்கிவிட்டுத்தான் ஊருக்குப் போவேன் என்று அவராகவே ஆன்ட்டியிடம் சொல்லியிருக்கிறார்.

கோப்பி இன்னும் அங்கேதான் இருக்கிறான். 59 சென்டிமீட்டர்தான். ஆனால் இரட்டை வாரில் சாலை முனை வரை நடந்து வருகிறான்.

போன வாரம் தீபாவளிப் பேச்சு வந்தது. "அன்றைக்கு நீங்கள் வரவேண்டாம். வீட்டில் இருங்கள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார் ஆன்ட்டி. எண்ணெய் தேய்த்துக் குளித்து, அம்மா கையால் இட்லி சாப்பிட்டுவிட்டு மத்தியானம் வருகிறேன் என்றேன். அவர் அந்தக் கழுவல் அட்டவணையை எடுத்து, என் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டார்.